பட்டறையும் பட்டமும்

நூல் என்னும் தமிழ்ச்சொல் இரு பொருள் தருவது. பஞ்சிலிருந்து திரித்தெடுக்கும் இழையும் நூல். புலவன் சொல்லால் யாத்த ஏடும் நூல். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் இவ்விரண்டையும் ஒப்புநோக்குமிடத்து, சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் மதியை அவள் கதிராகவும் வைத்துக் காட்டுகின்றார். அடுத்த செய்யுளில் மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சன் இடும் நூலை மனத்தின் கோணலைத் தீர்க்கும் நூலுக்கு உவமையாக்குகின்றார். இலக்கணம் கற்பிக்கப் புகுந்த ஆசிரியர், கல்வி இன்னதென விளக்குதற்கு நூற்பவளையும் தச்சனையும் துணைக்கு அழைத்தமை சிந்திக்கத்தக்கது.

சங்கச் சான்றோர் வரிசையும் இதற்கு இயைந்ததே. கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார் பெயரிலேயே மட்கலம் வனையும் தொழில் விளங்குகின்றது. தங்காற் பொற்கொல்லனாரும் மதுரைப் பெருங்கொல்லனாரும் கூலவாணிகன் சாத்தனாரும் தத்தம் தொழிலைப் பெயரோடு சுமந்து புலவர் அவையில் வீற்றிருந்தனர். கையால் ஒரு தொழில் செய்தமை அவர்தம் புலமைக்கு இழுக்காக எண்ணப்படவில்லை.

இத்தகைய மொழியைப் பேசும் நாம் இன்று ஏடு கற்றவர்க்கு நாற்காலியும் இழை கற்றவர்க்குத் திண்ணையும் கொடுத்து வைத்திருக்கின்றோம். இந்நிலையிலே, கைவினையும் வடிவமைப்பும் பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய கல்வியாக நம் நாட்டிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும், கைவினையைப் பல்கலைக்கழகத்துள் அழைத்துக்கொண்டு கைவினைஞரை வாயிலிலே நிறுத்திவிடும் ஆபத்தும் இதனுள் இருக்கின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்றைய நிலை

கொழும்பிலே 2005ஆம் ஆண்டில் கட்புல, அரங்கேற்றக் கலைகளுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் எழுந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் வடிவமைப்பைப் பட்டநெறியாகக் கற்பிக்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பட்டத்துக்குரிய பாடமாக உள்ளது. கிழக்கு மாகாணத்து மாணவர்க்கு அண்மையில் உள்ளது மட்டக்களப்புக் கல்லடியில் அமைந்த சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். 1982ஆம் ஆண்டில் இசை நடனக் கல்லூரியாகத் தோன்றிப் பின்னர்க் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இந்நிறுவகத்தில், இசை, நடனம், நாடகம் ஆகியவற்றோடு கட்புல தொழில்நுட்பக் கலைகளுக்கும் ஒரு துறை இருக்கின்றது.

இத்தகைய கற்கைநெறிகளுக்கு உயர்தரப் பரீட்சைப் புள்ளி மாத்திரம் போதாது. உளச்சார்புப் பரீட்சையும் செய்முறைத் தேர்வும் உண்டு. கையின் திறனையும் கண்ணின் நுண்மையையும் சோதித்தறிய வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டுள்ளது என்பது இதனாற் பெறப்படும். ஆயின், சித்திர ஆசிரியர் இல்லாத கிராமப் பாடசாலை மாணவி உயர்தரத்தில் அப்பாடத்தைத் தெரிவுசெய்யவே இயலாது. தாயார் பாய் இழைக்கும்போது பக்கத்தில் இருந்து பத்து வயதிலேயே கை பழகிய பிள்ளை இத்தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் வழியின்றி நிற்க, நகரத்துத் தனியார் வகுப்பில் ஓராண்டு வண்ணந்தீட்டப் பழகிய பிள்ளை உள்ளே செல்லக் கூடும். தேர்வு வஞ்சகமானதென்று யாம் சொல்லவில்லை. தேர்வு எதைக் கைத்திறன் என்று கொள்கின்றது என்பதே வினா.

ஒரு கடகத்தின் கணக்கு

மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலை நாடும் தாழ்நிலத்தை அடுத்தது ஈச்சிலம்பற்று. ஊர்ப்பெயரிலேயே ஈச்சின் ஒலி கேட்கின்றது. ஈரநிலத்திலே பன் விளையும்; மேட்டிலே பனை நிற்கும்; காட்டிலே பிரம்பும் கொடியும் கிடைக்கும். இவ்வட்டாரத்துக் கரையோர வேடர் மரபினர் காட்டையும் கடலையும் ஒருங்கே அறிந்தவர்கள். பன்பாய், கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி, உமல், கரப்பு, அத்தாங்கு என இப்பக்கத்துக் கைகள் செய்துவந்த பொருள்களை எண்ணத் தொடங்கினால் ஒரு சிறு நிகண்டே ஆகிவிடும்.

கடகம் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். அதன் அடி சதுரம், வாய் வட்டம். சதுரமாகத் தொடங்கிய பின்னலை, ஓலையை வெட்டாமலும் ஒட்டாமலும், மூலை நான்கையும் மேலேற்றி வட்டமாக முடிப்பது எவ்வாறு? அடிக்கு எத்தனை இழை வைத்தால் வாய் எத்துணை அகலும் என்பது இழைக்கத் தொடங்குமுன்னரே கணிக்கப்பட வேண்டும். ஓலை அளவுக்கு மீறி உலர்ந்தால் முறியும். ஈரம் மிஞ்சியிருந்தால் பின்னர்ச் சுருங்கி இழை தளரும். எல்லா இழையும் ஒரே அகலத்தில் வாரப்படாவிடின் பின்னல் ஒரு பக்கம் சாயும். பாரம் தாங்குதற்காக உள்ளொன்றும் புறமொன்றுமாக இரட்டையாக இழைத்து, விளிம்பைப் பனைநாரால் இறுக்குவர். இவ்வளவு கணக்கும் எழுத்தறியாத மூதாட்டியின் விரலிலே இருக்கின்றது. அவரை 'ஒன்றும் படியாதவர்' என்று குடிசன மதிப்பீட்டுத் தாளில் எழுதிவிடுகின்றோம்.

நீற்றுப்பெட்டியும் அத்தன்மையதே. கூம்பு வடிவினதான அதன் இழையிடைவெளி நீராவிக்கு வழிவிட வேண்டும். மாவைக் கீழே விழவிடலாகாது. சுளகின் அடி அரிசியைத் தாங்க, அகன்ற வாய் உமியைக் காற்றுக்கு விட, கையசைவு குறுணியைப் பிரிக்க வேண்டும். பொருளின் வடிவம், செய்பொருளின் இயல்பு, பயன்படுத்துவோரின் உடலசைவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தழுவி நிற்பதையே இக்காலத்தார் வடிவமைப்பு என்கின்றனர்.

இவ்வாறு பொருளைப் படிக்கும் முறை புதியதன்று. இந்திய அரசின் அழைப்பையேற்றுச் சென்ற அமெரிக்க வடிவமைப்பாளர் சார்ள்ஸ் ஈம்சும் அவர் மனைவியார் ரே ஈம்சும் 1958ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில், இந்தியாவில் தாம் கண்ட அழகிய பொருள்களுள் நாள்தோறும் கையாளும் சாதாரணச் செம்பையே மிக உயர்வாகப் போற்றினர். அதனை இடுப்பிலே வைத்தால் எவ்வாறு பொருந்தும், நிறைந்தபோதும் குறைந்தபோதும் எடை எவ்வாறு நிற்கும், எவ்வாறு நீர் வார்க்கும், எவ்வாறு துலக்கலாம் எனக் கேள்வி மேற் கேள்வி எழுப்பினர். அவ்வறிக்கையின் விளைவாக 1961ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. ஒரு செம்பைக் குறித்து நன்கு கேட்ட கேள்விகளிலிருந்து உயர்கல்வி நிலையமொன்று எழுந்தது எனலாம். நம் கடகத்தைப் பற்றி அவ்வாறு கேட்டவர் எத்தனை பேர்?

கேட்பதற்குரிய காலமும் குறுகிவருகின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் கடல் கரையை விழுங்கியது. 2006ஆம் ஆண்டில் போரினால் ஈச்சிலம்பற்று மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்பை நோக்கி ஓடினர். 2007ஆம் ஆண்டு முதலே ஊர் திரும்பத் தொடங்கினர். முகாமிலே பன்னும் இல்லை, பனையும் இல்லை. தாயிடமிருந்து மகள் கற்கவேண்டிய ஆண்டுகள் வரிசையிலே கழிந்தன. திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் வாளியும் பிளாஸ்டிக் பாயும் மலிந்திருந்தன. ஏட்டுச் சுவடி அழிந்தால் படி எடுத்தவர் எங்கேனும் இருப்பர் என்று தேடலாம். விரலில் எழுதிய சுவடிக்கு அந்த விரலே ஒரே படி.

குலத்தொழிலா, கல்வியா?

இங்கே ஒரு தடை எழுகின்றது. "பாய் இழைக்கவா பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது?" என்று பெற்றோர் கேட்கின்றனர். இக்கேள்வியை அறியாமையென ஒதுக்குதல் நேர்மையாகாது. நம் சமூகத்தில் தொழிலோடு சாதி ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் முற்றாக விடவில்லை. உளியையும் சக்கரத்தையும் போற்றியவர் பலர்; அவற்றைப் பிடித்தவரைத் தம் பந்தியில் இருத்தியவர் சிலர். அந்த இழிவிலிருந்து தம் பிள்ளையை மீட்கப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக்கொண்ட பெற்றோரிடம், மீண்டும் ஓலையை எடு என்பது கொடுமையாகவே ஒலிக்கும்.

தமிழகத்து வரலாறு இதற்குச் சான்று பகரும். 1953ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரியார் சென்னை மாகாண முதலமைச்சராயிருந்தபோது, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 3 மணி நேரம் வகுப்பிலும் எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலிலும் பயிலவேண்டும் என்றொரு திட்டத்தைக் கொணர்ந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர்பெற்று, பெருங்கிளர்ச்சிக்கு உள்ளாகிய அது, 1954ஆம் ஆண்டில் காமராசர் பதவியேற்றபின் கைவிடப்பட்டது. அத்தோடு விவாதம் ஓய்ந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் இந்திய நடுவணரசு 18 தொழில்களுக்கென விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது, விண்ணப்பிப்போர் குடும்ப வழியாக அத்தொழிலைச் செய்பவராயிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை நீக்குமாறு தமிழக அரசு கேட்டது. அது நிறைவேறாமையால், அத்திட்டத்தை அவ்வடிவிற் செயற்படுத்த இயலாதென 2024ஆம் ஆண்டு நவம்பரில் அறிவித்து, குலப்பிறப்பைக் கேளாத கைவினைத் திட்டமொன்றை 25 தொழில்களுக்கு 2025ஆம் ஆண்டு ஏப்பிரலில் தானே தொடங்கியது. எழுபது ஆண்டு இடைவெளியில் எழுந்த இரு வழக்குகளிலும் வினா ஒன்றே: தொழில் பிறப்பால் வருவதா, பயிற்சியால் வருவதா?

நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைக்குள் கொணர்ந்தது. அந்தந்த ஊரின் தொழிலை அவ்வூர்ப் பாடசாலையிற் கற்பிக்கும் நோக்கம் நன்றே. ஆயினும் பெற்றோர் அதனை இரண்டாந்தரக் கல்வியென்றே கண்டனர். 1977ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின் அது மறைந்தது. ஏழைப் பிள்ளைக்குக் கைத்தொழில், செல்வர் பிள்ளைக்கு மருத்துவமும் சட்டமும் என்று பிரிவுபடும் வரை, கைத்தொழிற் கல்வி எவ்வளவு நன்மை செய்யினும் ஐயத்துக்கே உள்ளாகும்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் ஆற்றல் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. மருத்துவரின் பிள்ளையும் மீனவரின் பிள்ளையும் ஒரே தறியில் இருந்து, ஒரே ஆசானிடம் கற்று, ஒரே பட்டத்தைப் பெறுவார்களாயின், அத்தொழில் பிறப்பின் அடையாளமாயிராது, தெரிவின் அடையாளமாகும். ஆதலின், "பாய் இழைக்கவா பல்கலைக்கழகம்?" என்னும் கேள்விக்கு விடை இது: ஆம், பாய் இழைத்தல் எவருடைய தலைவிதியும் ஆகாமற் போவதற்காகவே அது பல்கலைக்கழகத்துக்குச் செல்லவேண்டும்.

ஆசான் எங்கே அமர்வார்?

விடை எளிது, செயல் அரிது. கைவினை உள்ளே வந்தபின் அதனைக் கற்பிப்பவர் யார்? பல்கலைக்கழக விதிப்படி விரிவுரையாளர் ஆவதற்குப் பட்டமும் மேற்பட்டமும் வேண்டும். ஐம்பது ஆண்டு கடகம் இழைத்தவரிடம் அவை இல்லை. ஆகவே, கடகத்தைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதியவர் மேடையில் நிற்பார். கடகம் இழைத்தவர் ஒருநாட் பயிற்சிப் பட்டறைக்கு அழைக்கப்பட்டு, பொன்னாடையும் வழிச்செலவும் பெற்று வீடு திரும்புவார். மாணவர் அவரைப் படம் பிடித்துக்கொள்வர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இவ்விடத்துக்கே பொருந்தும் பழமொழி.

சேர்மனி நாட்டிலே 1919ஆம் ஆண்டில் வைமார் நகரில் வால்ட்டர் குரோப்பியசு தொடங்கிய பௌகவுசு என்னும் கலைக்கூடம் இச்சிக்கலை நேரே எதிர்நோக்கியது. அங்கே ஒவ்வொரு பட்டறைக்கும் இருவர் ஆசிரியர். ஒருவர் வடிவம் கற்பிக்கும் ஓவியர். மற்றவர் வேலை கற்பிக்கும் கைவினைஞர். இரு கையும் சேர்ந்தாலன்றி ஓசை எழாது என்னும் கொள்கை போற்றத்தக்கது. ஆயினும் ஆசிரியர் அவையிலே ஓவியர்க்கு இருந்த வாக்குரிமை கைவினைஞர்க்குச் சமமாக வழங்கப்படவில்லை. 1933ஆம் ஆண்டில் நாசி ஆட்சியின் நெருக்கடியால் மூடப்பட்ட அக்கூடத்தின் புகழ் இன்றும் உலகெங்கும் பேசப்படுகின்றது. ஓவிய ஆசிரியர்களின் பெயர்களை உலகறியும். பட்டறை ஆசான்களின் பெயர்களைச் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே.

சென்னையின் கதை வேறொரு வகையிற் கற்பிக்கின்றது. 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் நிறுவிய கலைக்கூடம், கலையையும் கைத்தொழிலையும் ஒருங்கே கற்பித்துவந்தது. காலப்போக்கில் ஓவியமும் சிற்பமும் மேலோங்க, இன்று அது கவின்கலைக் கல்லூரி என்றே வழங்குகின்றது. பெயரிலிருந்து கைத்தொழில் உதிர்ந்துவிட்டது. ஆனால் அக்கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966ஆம் ஆண்டில் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, ஓவியம் விலைபோகாத காலத்தில் அக்கலைஞர்க்குச் சோறு போட்டது பற்றிக் முதலிய கைவினையே. தள்ளப்பட்ட தம்பி வந்து அண்ணனைத் தாங்கியது போன்றது இது.

மாமல்லபுரத்திலே 1957ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய சிற்பக் கல்லூரி இன்னொரு வழியைக் காட்டிற்று. பரம்பரை பரம்பரையாய்ச் சிற்பம் செய்துவந்த குடும்பத்து வைத்தியநாத ஸ்தபதியாரை அரசு அதன் தலைமையில் அமர்த்தியது. அவர் மகனார் கணபதி ஸ்தபதியார் பின்னர் அப்பொறுப்பை ஏற்றார். கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை அவர் வடித்தது. கல்லூரி பின்னர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் வழங்கும் நிலையை எய்தியது. உளி பிடித்த கையே முதல்வர் நாற்காலியில் இருந்தமையால், அங்கே சிற்பநூலும் சிற்பக்கல்லும் ஒன்றையொன்று பிரியவில்லை.

அண்மையில் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவும் இத்திசையில் அடியெடுத்து வைத்துள்ளது. 2022ஆம் ஆண்டில், 15 ஆண்டுத் தொழிலநுபவம் உடையவரை முறைசார்ந்த பட்டம் கேளாமலே பேராசிரியராக அமர்த்தலாம் என நெறி வகுத்தது. 2023ஆம் ஆண்டில் கலைஞரையும் கைவினைஞரையும் உயர்கல்வி நிலையங்களிலே இருத்திக் கற்பிக்கச் செய்யும் வழிகாட்டலையும் வெளியிட்டது. ஏட்டில் எழுதியது எவ்வளவு நாட்டில் நிகழ்கின்றது என்பதைக் காலமே காட்டும். எனினும், பட்டமின்றியும் ஒருவர் பல்கலைக்கழக ஆசானாதல் கூடும் என்னும் கொள்கை எழுத்திலே ஏறிவிட்டது.

யாழ் கூறும் பாடம்

கைவினையை ஆசிரியர் இருக்கையில் அமர்த்துவது மாத்திரம் போதுமா? செய்தலும் ஓர் ஆராய்ச்சி முறையே என்பதைப் பல்கலைக்கழகம் உணர வேண்டும். இதற்குச் சான்று தேடி வேற்று நாட்டுக்குச் செல்லவேண்டுவதில்லை. கல்லடி நிறுவகம் தாங்கி நிற்கும் பெயரே சான்று.

காரைதீவில் 1892ஆம் ஆண்டில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானமும் கற்றவர். மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதருமானவர். 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். சிலப்பதிகாரம் கூறும் யாழ் வழக்கொழிந்துபோயிருந்தது. உரைகாரர் கூற்றுக்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி அவர் அமைந்திருக்கலாம். அவ்வாறு செய்யாது, நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணிதத்தால் வரையறுத்தார். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியபோது, அவர் கணக்கின்படி அமைத்த இசைக்கருவிகளும் ஊர்வலத்தில் எடுத்துச் செல்லப்பட்டன. அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தனர். ஏட்டிலே தொடங்கிய ஆராய்ச்சி மரத்திலும் நரம்பிலும் சென்று முடிந்தது. கருவி செய்து ஒலிக்கப்பட்டாலன்றிக் கொள்கை மெய்யா பொய்யா என்பது எவ்வாறு தெளியும்?

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முன்வரலாற்றிலும் இத்தகைய ஒருவர் இருக்கின்றார். கனிப்பொருள் அளவையாளராய் நாடெங்கும் நடந்த ஆனந்த குமாரசுவாமி, தாம் கண்ட கண்டிநாட்டுக் கைவினைஞரின் தொழிலையும் கருவியையும் ஆராய்ந்து 1908ஆம் ஆண்டில் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று அக்காலத்திற் குரலெழுப்பியோருள் அவரும் ஒருவர். பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டில் வந்தது. அவர் போற்றிய கைவினைஞரோ அதன் புறத்தேயே நின்றனர்.

செய்யத்தக்கன

பட்டம் பெற்றபின் வாழ்வு யாது என்னும் கேள்வி எஞ்சுகின்றது. 2017ஆம் ஆண்டிலே கிழக்கு மாகாணத்து வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்திருந்ததை நாம் மறக்கவில்லை. கைவினைப் பட்டதாரியும் அதே வரிசையில் அரச நியமனத்துக்குக் காத்திருக்க நேர்ந்தால், பட்டம் மிஞ்சும், தொழில் மாயும். ஆயினும் வேறு வழியும் உண்டு என்பதற்கு நாட்டிலேயே சான்றுகள் உள. ஏனா த சில்வா அம்மையார் மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் ஊர்ப்பெண்களைச் சேர்த்துப் பற்றிக்கும் தையலும் வளர்த்தார். பார்பரா சன்சோனி அம்மையார் கைத்தறிக்குப் புதிய வண்ணம் கொடுத்து உலகச் சந்தையிற் சேர்த்தார். மரபுத்திறனும் இக்கால வடிவறிவும் சேர்ந்தால் பொருளுக்கு மதிப்பு ஏறும் என்பதை இவ்விருவரும் மெய்ப்பித்தனர். ஆனால் அவர்கள் வசதியும் தொடர்பும் உடைய குடும்பத்தினர். அவ்வசதி இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு அவ்விடத்தை நிரப்பவேண்டியது பல்கலைக்கழகமே.

ஆதலின், உரியோர் சிந்தனைக்குச் சில கருத்துக்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது, கல்லடி நிறுவகத்திலும் யாழ்ப்பாணத்திலும் பட்டறை ஆசான் என்றொரு நிலையான பதவி வேண்டும். அதற்குப் பட்டம் தகைமையாகாது. செய்த பொருளே தகைமையாதல் வேண்டும். மாணவர் செய்த பொருளுக்குப் புள்ளியிடும் உரிமையும் அவருக்கு இருத்தல் வேண்டும். வாக்கில்லாத ஆசான் காட்சிப்பொருளேயாவார்.

இரண்டாவது, தேசிய தொழிற்றகைமை முறையில் முன்னைய கற்றலை ஏற்றுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. வகுப்புக்குச் செல்லாதவரும் தம் திறனைக் காட்டித் தகைமை பெறலாம். அம்முறையில் ஏழாம் படி பட்டத்துக்கு நிகரானது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்த தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவ்வழி வருவோர்க்கும் உரியது. ஓலையும் பன்னும் மட்கலமும் வலையும் இப்படிகளில் ஏறத்தக்க தொழில்களென மதிக்கப்பட்டு, கிழக்கின் ஊர்களுக்கே மதிப்பீட்டாளர் வருதல் வேண்டும். கொழும்புக்குப் போய்வரப் பணமில்லாதவருக்கு அங்குள்ள கதவு திறந்திருந்தும் மூடியதே.

மூன்றாவது, மாணவர் இறுதியாண்டிலே ஏதேனும் ஓர் ஊரில் ஒரு பருவமேனும் தங்கி, ஓர் ஆசானிடம் ஒரு பொருளை முற்றும் செய்யக் கற்று, அதன் கணக்கையும் சொல்லையும் பதிந்து வரவேண்டும். ஓலை வார்தல், இழைத்தல், நார் கட்டல் என ஒவ்வொரு செயலுக்கும் தமிழிலே சொல் உண்டு. பொருள் மறையும்போது அச்சொல்லும் மறையும். தமிழ்த்துறையும் கலைத்துறையும் கைகோத்துச் செய்யவேண்டிய அகராதிப் பணி இது. பதிவின் ஒரு படி அவ்வூருக்கே திரும்பி வரல் வேண்டும். ஊரவர் அறிவை எடுத்துச் சென்று ஊரவர்க்கே காட்டாதிருத்தல் அறமாகாது.

நான்காவது, பன் விளையும் ஈரநிலமும் பனையும் காக்கப்பட வேண்டும். செய்பொருள் இன்றிக் கைவினைக் கல்வி இல்லை. 1978ஆம் ஆண்டு முதல் பனை அபிவிருத்திச் சபையும், 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய அருங்கலைகள் பேரவையும், 1964ஆம் ஆண்டு முதல் லக்சலவும் இந்நாட்டில் உள்ளன. பல்கலைக்கழகம் இவற்றோடு சேர்ந்து, பாடசாலை, மருத்துவமனை, அரச அலுவலகம் ஆகியவற்றுக்கு வேண்டும் பாயையும் கூடையையும் இருக்கையையும் புதிதாக வடிவமைத்து ஊர்க் கைவினைஞர்வழிச் செய்விக்குமாயின், பட்டதாரிக்கும் வேலை உண்டு, பாட்டிக்கும் வருவாய் உண்டு.

ஐந்தாவது, உயர்தரத்திற் சித்திரம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத கிராமப் பாடசாலைகளுக்கு முதலில் ஆசிரியரை அனுப்புதல் வேண்டும். அடித்தளம் இன்றி மேல்மாடம் கட்டுதல் எவ்வாறு?

மணிமேகலை ஆசிரியர் காவிரிப்பூம்பட்டினத்து மண்டபமொன்றை வருணிக்குமிடத்து, மகதத்தவரும் மராட்டரும் அவந்தி நாட்டினரும் யவனரும் தமிழகத்துக் கம்மியரோடு கூடி அதனைச் சமைத்தனர் என்பர். பிற நாட்டார் அறிவையும் தம் அறிவையும் கலந்து புதியதொன்று செய்தல் தமிழர்க்குப் புதிதன்று. இக்காலக் கைவினை என்று இன்று பேசப்படுவதன் உட்கருத்தும் அதுவே. பழையதை அப்படியே பேணிப் பேழையில் வைத்தல் அதன் நோக்கமன்று.

பல்கலைக்கழகம் என்னும் பெயரிலே பல கலை உண்டு. அவற்றுள் கையின் கலைக்கும் உரிமை உண்டு. ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு மாணவி அங்கே செல்லும்போது, தன் பாட்டியின் தொழிலைச் சொல்ல நாணாமல் அதையே தன் பாடமாகச் சொல்லிச் செல்லவும், அவள் பாட்டி அங்கே வந்து வகுப்பிலே ஆசானாய் அமரவும் வழி பிறக்க வேண்டும். அந்த மூதாட்டியர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே உரியோர் ஆவன செய்வார்களாக.